பெயரின் பின்பாதி: தத்துப் பிள்ளையும் பெயர்மாற்றச் சட்டமும்

பள்ளியாண்டின் முதல் நாளில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு ஓர் அனுபவம் எப்போதேனும் நேர்ந்திருக்கும். ஒரு பெயரை இருமுறை அழைத்தும் எவரும் எழுந்து நிற்பதில்லை. பட்டியல் முடிந்த பின்னர், பெயர் அழைக்கப்படாத ஒரு பிள்ளை வகுப்பில் எஞ்சியிருக்கும். விசாரித்தால், அழைக்கப்பட்ட பெயர் அந்தப் பிள்ளையுடையதே என்பது தெரியவரும். வீட்டில் வழங்கும் பெயர் ஒன்று. பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயர் வேறு. அந்த இரண்டாம் பெயரைப் பிள்ளை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறது. ஒரு குடும்பம் ஆறேழு ஆண்டுகள் காத்துவந்த செய்தியை ஆசிரியர் தம்மை அறியாமலேயே வகுப்பு முழுவதன் முன்னிலையிலும் வெளிப்படுத்திவிடுகிறார்.

இத்தகைய நிகழ்ச்சிகளை நம்மில் பலர் கண்டும் கேட்டும் இருக்கிறோம். தத்துப் பிள்ளையின் பெயரைச் சட்டப்படி மாற்றும் முறை நம் நாடுகளில் எவ்வாறு தோன்றியது, தோன்றுவதற்கு முன் என்ன நடந்தது, தோன்றிய பின்னும் பலர் அதை ஏன் நாடவில்லை என்பனவற்றை இங்கே ஆராய்வோம். பொருள் சட்டமேயாயினும், மொழியிலிருந்து தொடங்குவதே நமக்கு எளிது.

‘தத்து’ என்னும் சொல் வடமொழி வழி வந்தது. ‘கொடுக்கப்பட்டது’ என்பது அதன் பொருள். அது கொடுத்தவரின் பக்கம் நின்று பேசும் சொல். ‘சுவிகாரம்’ என்பதோ தனதாக்கிக்கொள்ளுதல். பெற்றுக்கொண்டவரின் பக்கம் நின்று பேசும் சொல். ‘தத்தெடுத்தல்’ என்று நாம் வழங்கும் தொடர் இரண்டையும் இணைத்துவிடுகிறது. கொடுக்கப்பட்டதை எடுத்தல் என விரித்துப் பார்த்தால் இரு தாய்மாரும் அதில் இருக்கின்றனர். மலாய்மொழியில் தத்துப் பிள்ளையை ‘அனாக் அங்காட்’ என்பர். ‘அங்காட்’ என்றால் தூக்குதல், எடுத்தல். நம் பாட்டிமார் ‘எடுத்து வளர்த்த பிள்ளை’ என்று சொன்னதும் அண்டை வீட்டு மலாய்ப் பாட்டி சொன்னதும் ஒரே வினைதான். இலங்கைத் தமிழர் தம் சட்டநூல்களில் ‘மகவேற்பு’ என்னும் அழகிய சொல்லை ஆள்கின்றனர். அச்சொல் நம்மிடையே பரவாமற் போனது குறையே.

இனிப் பெயருக்கு வருவோம். ஐரோப்பியரைப் போன்றோ சீனரைப் போன்றோ தமிழருக்குக் குடும்பப் பெயர் என்பது பொதுவழக்கில் இல்லை. நம் பெயர் இரு பாதிகளால் ஆனது. ஒரு பாதி பெற்றோர் விரும்பி இட்டது. மற்றொரு பாதி தந்தையின் பெயர். தமிழகத்தில் அது தலைப்பெழுத்தாக முன்னே நிற்கும். மலேசியாவில் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்னும் தொடர்களின் சுருக்கத்தோடு பின்னே வரும். நாம் தமிழில் ‘த/பெ’ என்று எழுதுகிறோம். சிங்கப்பூரில் ஆங்கிலச் சுருக்கத்தோடு வரும். எங்கு நின்றாலும் அது சொல்லும் செய்தி, இவர் இன்னாரின் பிள்ளை என்பதே. ஆகவே தத்துப் பிள்ளையின் பெயரை மாற்றுவது என்று நாம் கூறும்போது இருவேறு செயல்களைக் கூறுகிறோம். முன்பாதியை மாற்ற எவருடைய இசைவும் தேவையில்லை. வீட்டில் நான்குபேர் அழைத்தால் அது பெயராகிவிடும். பின்பாதியை மாற்றுவது, ஒரு பிள்ளை யாருடைய பிள்ளை என்னும் கேள்விக்கு விடையை மாற்றுவதாகும். வழக்குகளும் கண்ணீரும் பெரும்பாலும் இந்தப் பின்பாதியைப் பற்றியவையே.

முன்பாதியை மாற்றுவதில் தமிழர் கைதேர்ந்தவர்கள். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் மீண்டும் ஒரு பிள்ளை பிறந்தால், அதைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பதும், வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு ஒரு முறத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவதும் வழக்கமாக இருந்தன. குப்பன், குப்பாயி, குப்புசாமி, பிச்சை என்னும் பெயர்கள் அவ்வழி வந்தவை. கூற்றுவன் தேடி வரும்போது ‘இது எங்கள் பிள்ளை அன்று, விலைக்கு வாங்கியது’ என்று ஏமாற்றும் உத்தி அது. பெற்ற தாயே தன் பிள்ளையைத் தத்தெடுத்துப் பெயர் மாற்றிக்கொண்டாள் என்றே இதனைக் கூறவேண்டும். குறும்பு செய்யும் பிள்ளையை ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று தாய்மார் இன்றும் கேலி பேசுவதன் வேர் இங்கே இருக்கிறது. மெய்யாகவே தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு அந்தக் கேலி எப்படிச் சுடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வாய்ச்சொல்லால் மகனாக்கப்பட்ட ஒரு பிள்ளையின் கதை நம் காப்பியத்திலேயே உள்ளது. மணிமேகலையைப் பாடமாகப் படித்தோர் ஆபுத்திரனை அறிவர். வாரணாசியிலிருந்து குமரிக்கு வந்த சாலி என்பாள், வழியில் பெற்ற மகவை ஒரு தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். ஒரு பசு அதனைப் பாலூட்டிக் காக்கிறது. அவ்வழியே மனைவியோடு வந்த இளம்பூதி என்னும் அந்தணன், பிள்ளையில்லாத தன் குறை தீர்ந்ததென்று மகிழ்ந்து, இது பசுவின் மகனன்று, என் மகனே என்று அறிவித்து எடுத்துச் செல்கிறான். பூணூல் அணிவித்து, வேதம் கற்பித்து வளர்க்கிறான். பின்னர் வேள்விக்குக் கட்டப்பட்ட பசு ஒன்றை இளைஞன் விடுவித்தபோது ஊரார் சினம் கொள்கின்றனர். அவன் பிறப்பு வரலாறு அவையில் வெளிப்படுகிறது. பசுவின் மகன் என்னும் இழிசொல்லே அவனுக்குப் பெயராகிறது. அதன்பின் நடந்ததுதான் நாம் கவனிக்கவேண்டியது. என் மகன் என்று சொல்லி எடுத்த இளம்பூதி, அவனை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். சொல்லால் ஆன உறவு சொல்லால் அறுந்தது. அதைத் தடுக்க ஏடில்லை, ஆணையில்லை, முறையிட இடமுமில்லை.

காப்பியம் அவனை அங்கேயே விட்டுவிடவில்லை. மறுபிறப்பில் ஆபுத்திரன் சாவக நாட்டில் தோன்றுகிறான். பிள்ளையில்லாத மன்னன் பூமிச்சந்திரன் அவனை மகனாக ஏற்று வளர்க்கிறான். இம்முறை பெயர் புண்ணியராசன். அவனோ தன்னைப் பெற்ற மகன் என்றே எண்ணி அரசாள்கிறான். உண்மையை மணிமேகலை வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே உயிர், இரு தத்து, இரு பெயர். முதல் முறை பிறப்பை ஊர் வெளிப்படுத்தியது; இரண்டாம் முறை வீடு மறைத்தது. தத்துப் பிள்ளையின் பெயரைப் பற்றி இருபதாம் நூற்றாண்டுச் சட்டமன்றங்கள் விவாதித்த இரு பெருஞ்சிக்கல்களும் இவையே. சாவகம் என்னும் இடப்பெயரையும் நினைவில் கொள்வோம். மீண்டும் அங்கே செல்ல நேரும்.

நம் நாடுகளுக்குச் சட்டத்தைக் கொண்டுவந்த இங்கிலாந்திலேயே 1926 வரை தத்தெடுப்புச் சட்டம் என ஒன்று இல்லை. இது பலருக்கு வியப்பளிக்கலாம். இந்து மரபிலும் சீன மரபிலும் தத்தெடுப்பு நெடுங்காலமாக நிலைபெற்றிருக்க, ஆங்கிலப் பொதுச்சட்டம் பெற்றோரின் உரிமையைப் பிறருக்கு மாற்ற இயலாதது என்றே கருதிவந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஆதரவற்ற பிள்ளைகள் பெருகிய நிலையில் 1926ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறி, 1927 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் ‘தத்துப் பிள்ளைகள் பதிவேடு’ என்னும் புதிய ஏட்டை உருவாக்கியது. பிள்ளையின் பெயர், தத்தெடுத்தோரின் பெயர், முகவரி, தொழில், ஆணையிட்ட நீதிமன்றம், நாள் ஆகியன அதில் பதியப்பட்டன. பழைய பிறப்புப் பதிவின் அருகே ‘தத்தெடுக்கப்பட்டது’ என்று ஒரு சொல் எழுதப்பட்டது. பழைய பதிவையும் புதிய பதிவையும் இணைக்கும் குறிப்பேடு பூட்டி வைக்கப்பட்டது. நீதிமன்ற ஆணையின்றி எவரும் அதைப் பார்க்க இயலாது. பெயரை இவ்வளவு கவனத்தோடு மாற்றிய அதே சட்டம், தத்தெடுத்தவர் உயில் எழுதாமல் இறந்தால் பிள்ளைக்குச் சொத்துரிமை இல்லை என்று வைத்திருந்தது! அந்தக் குறை 1949இல்தான் நீங்கியது. பூட்டிய குறிப்பேட்டைத் திறந்து, வயதுவந்த பிள்ளை தன் முதற்பெயரை அறியும் உரிமையை 1975ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. ஒரு பெயரை மூடுவது எளிதென்றும் திறப்பதற்கு அரை நூற்றாண்டு ஆகுமென்றும் இதனால் அறிகிறோம்.

நீரிணைக் குடியேற்றங்களில் இச்சட்டம் தேவைப்பட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. சீனக் குடும்பங்களில் ‘மூய் சாய்’ என்னும் வழக்கம் நிலவியது. ‘தங்கச்சி’ என்பது அச்சொல்லின் பொருள். நடைமுறையில், விலைகொடுத்துப் பெற்று வீட்டுவேலைக்கு வைத்துக்கொள்ளப்பட்ட சிறுமி. இதனைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் 1930களின் தொடக்கத்தில் வந்தபோது, அதே சிறுமியரைச் சிலர் ‘தத்து மகள்’ என்று பெயர் மாற்றி அழைக்கத் தலைப்பட்டனர். உறவுச்சொல் ஒன்று உழைப்புச் சுரண்டலுக்குத் திரையாயிற்று. 1936இல் அமைக்கப்பட்டு, 1937இல் அறிக்கை அளித்த ஆணையக்குழு ஹாங்காங்கிலும் மலாயாவிலும் இதனை ஆராய்ந்தது. அதன் உறுப்பினருள் ஒருவரான ஈடித் பிக்டன்-டர்பர்வில் அம்மையார் பெரும்பான்மையோடு உடன்படாது தனி அறிக்கை எழுதினார். மூய் சாய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டவரை மட்டும் காப்பது போதாது, கைமாறும் சிறுமியர் அனைவரையும் கண்காணிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. பெயரை நம்பாதே, பிள்ளையைப் பார் என்று அவர் சொன்னதாக நாம் கொள்ளலாம். 1939இல் சிங்கப்பூரின் தத்தெடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இங்கிலாந்தின் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் ஒட்டியது அது.

சட்டம் வந்தது, அதனை மக்கள் அறியுமுன் போர் வந்தது. இப்போது சாவகத்துக்குச் செல்வோம்.

1937 மார்ச் 24ஆம் நாள் சாவகத் தீவின் சிமாஹி நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தை அட்ரியானுஸ் ஹெர்தோக், டச்சுக் குடியேற்றப் படையில் பணியாற்றியவர், தாய் அடலின். கத்தோலிக்கத் தேவாலயத்தில் மரியா ஹூபர்டினா எனப் பெயரிடப்பட்டது, வீட்டில் பெர்த்தா. 1942இல் சப்பானியர் தந்தையைச் சிறைப்படுத்தினர். வறுமையுற்ற குடும்பத்திலிருந்து அவ்வாண்டின் இறுதியில் அச்சிறுமி ஆமினா பிந்தி முகமது என்னும் மலாய்ப் பெண்மணியின் வீட்டுக்குச் சென்றாள். சில நாள் பார்த்துக்கொள்ளும்படி விட்டேன் என்றார் தாய். தத்தாகவே தந்தார் என்றார் ஆமினா. இவ்விரு கூற்றுகளுக்கு இடையே இருந்திருக்கவேண்டியது ஒரு தாள். அதற்கு வழிசெய்யும் நிலை அன்றைய சாவகத்தில் இல்லை. அமைதிக் காலத்தில்கூட டச்சு இந்தியாவின் எழுதப்பட்ட சட்டம் சீனருக்கு மட்டுமே, அதுவும் 1917 முதல், தத்தெடுப்பை வகுத்திருந்தது. நெதர்லாந்திலோ 1956 வரை தத்தெடுப்பு என்பதே சட்டத்தில் இல்லை. பெர்த்தாவின் தந்தை நாட்டுச் சட்டத்தின் கண்களுக்கு ஆமினாவின் தாய்மை தெரிந்திருக்கவே முடியாது.

சிறுமிக்கு நத்ரா பிந்தி மஹ்ரூப் என்று பெயரிடப்பட்டது. இதில் ‘நத்ரா’ முன்பாதி, அன்பினால் இடப்பட்டது. ‘பிந்தி மஹ்ரூப்’ பின்பாதி. இன்னாரின் மகள் என்று கூறுவது. அது பெற்ற தந்தையின் பெயரன்று. 1947இல் ஆமினா அவளோடு திரங்கானுவின் கெமாமானுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மலாய்ப் பிள்ளையாக, மலாய்ப் பள்ளியில் அவள் வளர்ந்தாள். 1949இல் ஆங்கில அதிகாரி ஒருவர் கண்டு செய்தி அனுப்பியதன்பின், வழக்கு 1950இல் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கு வந்தது. மே மாதத்தில் பெற்றோர் தரப்புக்குச் சாதகமாக ஆணை. சூலை 28ஆம் நாள் மேல்முறையீட்டில் ஆமினாவுக்கு வெற்றி. ஆகஸ்ட் முதல் நாள், பதின்மூன்று வயதான அச்சிறுமிக்கும் மன்சூர் அடாபி என்னும் இளம் ஆசிரியருக்கும் திருமணம். டிசம்பர் 2ஆம் நாள் இறுதித் தீர்ப்பு. தந்தை இசைவளிக்கவில்லை ஆதலின் தத்து செல்லாது, தந்தை நாட்டுச் சட்டத்தின்படி வயது நிரம்பவில்லை ஆதலின் திருமணமும் செல்லாது என்றது நீதிமன்றம்.

அதன் பின் நிகழ்ந்தவற்றைச் சிங்கப்பூர் மாணவர் வரலாற்றுப் பாடத்தில் படிக்கின்றனர். டிசம்பர் 11ஆம் நாள் கலவரம் மூண்டது. 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். நத்ரா நடவடிக்கைக் குழுவின் தலைவராயிருந்த கரீம் கனி நம்மவர். தமிழ் முஸ்லிம் இதழாசிரியர், நேதாசியின் தற்காலிக அரசில் ஆலோசகராக இருந்தவர். அவரைப் பற்றித் தனியே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தலாம், இங்கே இடமில்லை.

நம் கவனத்துக்கு உரியது வேறு. அந்த ஆண்டின் செய்தித்தாள்களைப் புரட்டுவோர், ஒரே பிள்ளைக்கு எத்தனை பெயர்கள் வழங்கின என்பதைக் காண்பர். ஆங்கில ஏடுகளில் மரியா, பெர்த்தா. மலாய் ஏடுகளில் நத்ரா. எழுதியவர் எந்தப் பெயரை ஆண்டார் என்பதைக் கொண்டே அவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்பதைச் சொல்லிவிடலாம். பெயர் அடையாளமாக இல்லாமல் தீர்ப்பாகவே ஆகிவிட்டது. அவளோ நீதிமன்றத்தில் ஆமினாவிடமே செல்ல விரும்பினாள். பெற்ற தாயின் மொழி அவளுக்கு மறந்துபோயிருந்தது. அதே மாதத்தில் நெதர்லாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டாள். இந்த வழக்கில் எந்தத் தரப்பு நியாயம் என்று தீர்ப்பளிக்க நாம் வரவில்லை. பிள்ளை கைமாறிய அன்றே மூவரும், அதாவது கொடுப்பவர், பெறுபவர், சட்டம் ஆகிய மூவரும், ஓர் ஏட்டின் முன் நின்றிருந்தால் பதின்மூன்று வயதில் அவள் மூன்று பெயர்களுக்கு நடுவே நின்றிருக்கமாட்டாள் என்பதே நம் கருத்து. போர்க்காலத்தில் அது நடக்கக்கூடியதா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், அமைதிக் காலத்திலும் நம் குடும்பங்கள் அவ்வாறு நிற்கவில்லையே என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

மலாயாக் கூட்டரசில் தத்தெடுப்பைப் பற்றி இரு சட்டங்கள் 1952இல் இயற்றப்பட்டன. நத்ரா வழக்குதான் அவற்றுக்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. ஆண்டுகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று தத்தெடுப்புச் சட்டம். நீதிமன்ற ஆணையால் பெற்றோரின் உரிமையையும் கடமையையும் முழுமையாக மாற்றுவது, முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. பிள்ளை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து தம் பராமரிப்பில் இருந்திருக்கவேண்டும் என்று விண்ணப்பிப்போருக்கு அது விதிக்கிறது. மற்றொன்று தத்தெடுப்புப் பதிவுச் சட்டம். இரண்டாண்டு வளர்த்துவிட்ட பிள்ளையைப் பதிவாளரிடம் பதிந்துகொள்ள வழிசெய்வது. எல்லாச் சமயத்தாருக்கும் உரியது. சபா, சரவாக்கில் தனிச்சட்டங்கள் உள்ளன.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெயரில்தான் கூர்மையாகத் தெரியும். நீதிமன்ற ஆணை பெற்ற பிள்ளையின் பிறப்பு மறுபதிவு செய்யப்படுகிறது. புதிய பிறப்புப் பத்திரத்தில் தத்தெடுத்தோரே பெற்றோராகக் குறிக்கப்படுவர். ‘த/பெ’ என்பதற்குப் பின்னே புதிய தந்தையின் பெயர் வரும். பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிந்த பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ். பிறப்புப் பதிவு பழையபடியே இருக்கும். முன்னது பின்பாதியை மாற்றுகிறது; பின்னது மாற்றுவதில்லை.

முஸ்லிம்களுக்கு ஏன் இந்த வேறுபாடு என்று மாணவர் வினவலாம். நபிகள் நாயகம் தம் வளர்ப்பு மகனாக ஏற்ற ஸைதை மக்கள் முதலில் நபியின் மகன் என்றே அழைத்தனர். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்கவேண்டும் என்னும் திருமறைக் கட்டளை வந்தபின், அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். பிள்ளையை வளர்ப்பது பெரும் அறம். அதன் வழியை மறைப்பது கூடாது என்பது அம்மரபின் நிலை. இந்து மரபோ தத்துமகன் பிறந்த குலத்தை நீங்கிப் புகுந்த குலத்தின் கோத்திரத்தைப் பெறுகிறான் என்றது. ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்கள் ஒரே அன்போடு எடுத்து வளர்க்கும் இரு பிள்ளைகளின் பெயர்கள் இவ்வாறு இருவேறு வழிகளில் செல்கின்றன. எது சிறந்தது என்று எளிதில் கூறிவிட இயலாது. மறைக்காத மரபு பிள்ளைக்குத் தன் வேரை விட்டுவைக்கிறது. மாற்றும் மரபு பள்ளிப் பதிவேட்டின் முன் அதைக் காக்கிறது. சிங்கப்பூரில் 1939ஆம் ஆண்டுச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு நீடித்து, 2022இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 அக்டோபர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது விடைபெற்றது.

இங்கே ஒரு சிறு விலகல். வயதுவந்தவர் தாமே பெயரை மாற்றிக்கொள்ளும் ஆவணத்தைச் சிங்கப்பூரில் ‘டீட் போல்’ என்பர். ‘போல்’ என்பது பழைய ஆங்கிலத்தில் நேராகக் கத்தரிக்கப்பட்டது என்று பொருள்படும். ஒருவர் தனியே எழுதிக்கொடுக்கும் ஆவணத்தின் விளிம்பு நேராக இருக்கும். இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தையோ ஒரே தோலில் இருமுறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வர். பின்னாளில் இரு பாதியையும் பொருத்திப் பார்த்து மெய்யென்று அறியலாம். பல் என்னும் அச்சொல்லிலிருந்து வந்ததுதான் ‘இண்டெஞ்சர்’. 1910இல் ஒழிக்கப்படும்வரை நம் முன்னோரை மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் கொண்டுவந்த அதே ஒப்பந்தத்தின் பெயர் அது. தத்துப் பிள்ளையின் பெயர்மாற்றம் இவ்விரண்டிலும் அடங்காது. பிள்ளை தானே எழுதிக்கொள்ளவும் இயலாது. பிறர் இருவர் தமக்குள் பேசி முடிக்கவும் கூடாது. அதனால்தான் நீதிமன்றம் நடுவே வருகிறது.

நம் வீடுகளில் பெரும்பாலும் அது வரவில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சீன முகமும் தமிழ் நாவும் கொண்ட பாட்டியரையும் அத்தையரையும் காணாதவர் குறைவு. போருக்கு முன்னும் பின்னும், குறிப்பாக ஆக்கிரமிப்புக் காலத்தில், வறுமையாலும், ஆண்மகவை விரும்பியதாலும், பிறந்த ஆண்டு குடும்பத்துக்கு ஆகாது என்னும் நம்பிக்கையாலும், சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைப் பிறருக்குத் தந்தன. தோட்டத்து லயங்களிலும் நகரத்துத் தெருக்களிலும் இருந்த தமிழர் அவர்களை எடுத்து வளர்த்தனர். மாரியம்மன் கோயிலில் காது குத்தி, லட்சுமி என்றும் மீனாட்சி என்றும் பெயரிட்டனர். மூய் சாய் ஆணையக்குழு அஞ்சியவாறு வேலைக்கென எடுத்தவரும் இருந்திருப்பர், மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் நாம் கண்டு பழகிய பாட்டியர் பலர் அவ்வீடுகளின் மகள்களாகவே வளர்ந்து, மகள்களாகவே மணமுடித்துச் சென்றவர்கள். சந்தையில் சீனக் கடைக்காரர் அவர் மொழியில் பேசினால், தமிழில் விலைபேசித் திகைக்க வைப்பர்.

அவர்களுடைய பெயர்மாற்றம் முன்பாதியோடு நின்றுவிட்டது. நீதிமன்றம் நகரத்தில் இருந்தது, வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும். இவற்றைவிடப் பெருந்தடை மற்றொன்று. விண்ணப்பம் செய்தால் பெற்றவரைத் தேடி இசைவு கேட்கவேண்டும். கேட்டால் பிள்ளையைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்னும் அச்சம். நத்ரா வழக்குக்குப் பின் அந்த அச்சம் வலுத்திருந்தால் வியப்பில்லை. எனவே வாய்திறவாமல் இருந்தனர். அவசரகாலத்தில், 1948இல், அடையாள அட்டை வந்தது. அட்டைக்குத் தாள் தேவை. சிலருக்குப் பிறப்புப் பத்திரத்தில் இருந்த சீனப் பெயரே அட்டையிலும் ஏறிற்று. சிலருக்குத் தாளே இல்லை. தாளில்லாதவரின் துன்பம் அடுத்த தலைமுறைக்கும் சென்றது. பின்னாளில் நீதிமன்ற ஆணை பெற்றவர்க்கும், தத்தெடுப்பு மட்டுமே குடியுரிமையைத் தந்துவிடாது என்பது இரு நாடுகளிலும் நிலை. பிள்ளைக்குப் பெயரும் நாடும் உண்டு என்று கூறும் குழந்தை உரிமை உடன்படிக்கையை இரு நாடுகளும் 1995இல் ஏற்றன. எனினும் அதைக் கூறும் 7ஆம் பிரிவுக்கு மலேசியா இன்றும் விலக்குக் குறிப்பு வைத்திருக்கிறது.

மறைந்திருந்த பெயர் வெளிவரும் இடங்கள் மூன்று. முதலாவது பள்ளி, அதைத் தொடக்கத்தில் கண்டோம். இரண்டாவது அடையாள அட்டை எடுக்கும் நாள். மூன்றாவது திருமணப் பதிவு. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனமும், மலேசியாவில் 1982 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த திருமண மணவிலக்குச் சட்டமும் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைக் கட்டாயப் பதிவுக்கு உட்படுத்தின. அதுவரை கோயிலில் தாலி கட்டி முடித்த மணத்துக்கு அழைப்பிதழில் இருந்த பெயரே போதுமாயிருந்தது. அழைப்பிதழில் ‘சுவிகாரப் புத்திரி’ என்று அச்சிட்டவரும் உண்டு. ‘ஏகபுத்திரி’ என்றே அச்சிட்டவரும் உண்டு. பதிவாளரின் மேசையிலோ அட்டையிலுள்ளபடியே வாசிக்கப்படும். இருபத்தைந்து ஆண்டுகள் மீனாட்சியாக வாழ்ந்தவள், மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில், தான் எழுதவும் அறியாத ஒரு பெயருக்கு ‘ஆம்’ என்று விடை சொல்வாள்.

கோயிலில் அந்தத் தொல்லை இருந்ததில்லை. அர்ச்சனைத் தட்டை வாங்கும் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். பிறந்த நாளே தெரியாத பிள்ளைக்கு நட்சத்திரம் ஏது? வளர்த்த தாய்மார் பஞ்சாங்கத்தைப் பார்த்து அதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வீட்டுப்படி ஏறிய நாள் எந்த நட்சத்திரமோ, அதையே சொன்னார்கள்.